அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்க வேண்டுமென்று கட்டாயமில்லை

"மிஸ், யூடியூப்பில் அந்த அண்ணா சொல்கிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. என் காதில் ஏதும் பிழையா?"

நான் காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். யூடியூப்பில் இயர்போன் விமர்சனம் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் வரவரக் கூடிக்கொண்டே போகிறார்கள். கடைசியாக வந்தவர் கொழும்பு வெள்ளவத்தைத் தம்பி ஒருவர், பல்கலைக்கழக மாணவர். பையைத் திறந்து மூன்று இன்-இயர் மொனிட்டர்களை (சுருக்கமாக ஐஈஎம், காதுக் குழாய்க்குள் செருகுகிற இயர்போன்) மேசையில் அடுக்கினார். மூன்றிலும் ஒரே பாட்டு. பல்லவி முடிகிற இடத்தில் ஜால்ராவின் ஓசை இழுபட்டு மெல்லத் தேய வேண்டுமாம். விமர்சனம் செய்தவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இவருக்கோ அது சட்டென்று நின்றுவிடுகிறது. அதைப் பிடிப்பதற்காக, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசரில் 8 கிலோஹேர்ட்ஸைக் கடைசி வரை ஏற்றி, வொலியூமையும் ஏற்றி, வாரக்கணக்காக இரவிரவாகக் கேட்டிருக்கிறார். இப்போது படுக்கையில் சாய்ந்தால் இடக் காதில் விடாத இரைச்சல்.

ஓடியோகிராம், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம், எடுத்தேன். வலக் காது நன்றாக இருக்கிறது. இடக் காதில் 6 கிலோஹேர்ட்ஸில் ஒரு பள்ளம், அதாவது அங்கே கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. பழைய ஓடியோகிராம் இல்லாததால் அது இந்த ஜால்ராவைத் தேடப் போய்த்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதிக சத்தம் காதைத் தாக்கும்போது 3 முதல் 6 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியில்தான் முதலில் பள்ளம் விழும். நல்ல காதோடு இருந்த பிள்ளை, இன்னொருவர் காதில் விழுந்த சத்தத்தைத் துரத்திப் போய் இப்படி வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

ஒரே ஐஈஎம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கேட்பதுதான் இயல்பு. வளர்ந்த ஒருவரின் காதுக் குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் நீளம். வெளிப்பக்கம் திறந்திருக்கும்போது அந்தக் குழாயே 2,500 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரையான சத்தத்தைப் பெருக்கித் தருகிறது. ஐஈஎம்மைச் செருகியதும் வாசல் அடைபட்டு, அந்தப் பெருக்கம் இல்லாமல் போகிறது. அதனால் தயாரிப்பாளர்கள் சராசரிக் காது ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டு, அந்த இடத்தைக் கருவியிலேயே தூக்கிக் கொடுக்கிறார்கள். உங்கள் குழாய் அந்தச் சராசரியை விடக் குட்டையாகவோ அகலமாகவோ இருந்தால் அந்தக் கணக்கு உங்களுக்குச் சரிவராது. பாடகியின் குரல் ஒருவருக்கு முகத்துக்கு நேரே நின்று கத்துவது போலவும் இன்னொருவருக்கு இதமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு ஆழத்துக்குச் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மேல் மீடிறன்களும் (கீச்சென்ற உயர்ந்த ஒலிகளும்) இடம் மாறும். ஐஈஎம்முக்கும் செவிப்பறைக்கும் நடுவே 23 மில்லிமீற்றர் மிஞ்சினால் பரிவு, அதாவது அந்த இடைவெளி தானாகவே பெருக்கிக் காட்டுகிற ஒலி, சுமார் 7,500 ஹேர்ட்ஸில் விழும். இன்னும் 3 மில்லிமீற்றர் உள்ளே தள்ளினால் அது 8,500ஐத் தாண்டிவிடும். 'ச', 'ஸ' ஓசைகளின் கூர்மையும் ஜால்ராவின் பளபளப்பும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அந்த விமர்சகருக்கு மினுங்குகிற இடம் உங்களுக்கு மங்குவதற்கு இந்த 3 மில்லிமீற்றரே போதும். இணையத்தில் போடுகிற வரைபடங்களும் செயற்கைக் காதில் அளந்தவைதான். 8 கிலோஹேர்ட்ஸ் பக்கம் அவற்றில் தெரிகிற கூம்பு பல வேளைகளில் அந்தச் செயற்கைக் குழாயின் பரிவு. அதைப் பார்த்து ஈக்குவலைசரைத் திருகாதீர்கள்.

பாஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, இதைவிட எளிய விஷயம். ஐஈஎம்மின் நுனியில் இருக்கிற ரப்பர் காதைச் சரியாக அடைக்காவிட்டால் பாஸ் வெளியே போய்விடும். பெட்டியோடு வந்த நடு அளவு ரப்பரையே இரண்டு காதுக்கும் போட்டுக்கொண்டு "இதில் பாஸே இல்லை" என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! உங்கள் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்றும் இல்லை. ஒன்றுக்கு நடு அளவு, மற்றதற்குப் பெரிய அளவு என்று போடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்து செருகிப் பாருங்கள். புது ஐஈஎம் வாங்கும் யோசனையில் இருந்த பலருக்கு இதோடு அந்த எண்ணம் போய்விட்டது.

சரி, என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். "என் ஓடியோகிராம் நோர்மல், ஆகவே நான் சொல்கிற சத்தம்தான் சரி" என்று சிலர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் குழுக்களில் போடுகிறார்கள். நான் கையொப்பமிட்ட ரிப்போர்ட்டே அப்படிச் சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கேளுங்கள். வழக்கமான ஓடியோகிராம் 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை சில மீடிறன்களில் மட்டும், உங்களுக்குக் கேட்கிற மிகச் சிறிய சத்தம் எது என்று அளக்கிறது. அவ்வளவுதான். ஒரு மீடிறனுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன இருக்கிறதென்று அது சொல்லாது. 8,000க்கு மேலே என்ன என்று சொல்லாது. பாட்டு ஓடுகிற சத்த அளவில் உங்கள் காது எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லாது. பெரியவர்களுக்கு 20 டெசிபல் வரை நோர்மல் என்று வைத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு 4 கிலோஹேர்ட்ஸில் 0 டெசிபலிலேயே கேட்கிறது, அவருடைய தம்பிக்கு 15 டெசிபலில்தான் கேட்கிறது என்றால் இருவருமே நோர்மல்தான். ஆனாலும் இருவருக்கும் நடுவே 15 டெசிபல் வித்தியாசம் இருக்கிறது. அதே நோர்மல் காதோடு இருவர் ஒரே ஐஈஎம்மைப் பற்றி நேர்மையாகவே சண்டை பிடிக்கலாம்.

ரசனையை எந்த ஓடியோகிராமும் காட்டாது. ஒலிக்கருவிகள் செய்கிற ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஒலிவும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வுகளில், பெரும்பாலானோர் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒலியமைப்பைத்தான் விரும்பினார்கள். ஆனால் பாஸ் இன்னும் கூடுதலாக வேண்டும் என்ற ஒரு பகுதியினரும், குறைவாக வேண்டும் என்ற இன்னொரு பகுதியினரும் இருந்தார்கள்.  1994இல் ஃபுளோயிட் டூலும் ஒலிவும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்தபோது கொடுத்த புள்ளிகளும், கண்ணால் பார்த்துக்கொண்டு கொடுத்த புள்ளிகளும் ஒத்துப்போகவில்லை. பெட்டியின் விலையும் பெயரும் தெரிந்த பிறகு காது மட்டும் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. மிருதங்கம் வாசிக்கிற பிள்ளை முதலில் தொப்பியின் (மிருதங்கத்தின் இடப் பக்கத்தின்) கும்கி என்ற கனத்த நாதத்தைத் தேடும். பாடகர் குரலைத் தேடுவார். பழகிய செவியும் சேர்ந்துதான் தீர்ப்பு வருகிறது.

அப்புறம், சத்த அளவு. கொஞ்சம் உரத்து ஒலித்தாலே நல்லதாகத் தோன்றும். சத்தம் கூடக்கூட பாஸ் இன்னும் வேகமாகக் கூடுவதாக நம் காது உணர்வதும் அதற்கு ஒரு காரணம். அளவைச் சமப்படுத்தாமல் இரண்டு ஐஈஎம்களை ஒப்பிட்டு எழுதுகிற விமர்சனங்களை நம்ப வேண்டாம். கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸில் இருந்து கேட்டவர் பாஸ் போதாது என்பார், ஏனென்றால் எஞ்சின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. இரவு அறைக்குள் கேட்டவர் அதே கருவியைப் பாஸ் மிதமிஞ்சியது என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

பஸ்ஸில் வொலியூமை ஏற்றுவதுதான் என் தொழிலில் நான் அதிகம் சண்டை பிடிக்கிற விஷயம். அளவை அமைதியான அறையில் முடிவு செய்யுங்கள், பஸ்ஸில் அதற்கு மேலே போகாதீர்கள். உலக சுகாதார ஸ்தாபனம் வளர்ந்தவருக்குச் சொல்வது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணித்தியாலம். 100 என்றால் வெறும் 20 நிமிடம். பிள்ளைகளுக்கு அதே 40 மணித்தியாலத்துக்கு 75 டெசிபல்தான், அதை அம்மா அப்பா போனிலேயே செட் பண்ணிக் கொடுங்கள்.

மேடையில் பாடுகிற தம்பி தங்கைகளே, ஐஈஎம்மின் ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மற்றப் பக்கத்தின் சத்தத்தை ஏற்றாதீர்கள். ஒற்றைக் காதால் கேட்கும்போது சத்தம் குறைவாகவே தெரியும். அதை ஈடுகட்ட ஏற்றுகிற சத்தம் முழுவதும் அந்த ஒரு காதுக்குள்தான் போகிறது. சொந்தக் காது அச்சில் மொனிட்டர் செய்விக்கிறவர்கள், அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்து வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறந்து வையுங்கள். தாடை அசையும்போது குழாயின் வடிவம் மாறுகிறது. வாயை மூடி எடுத்த அச்சு, உச்ச ஸ்தாயிக்கு வாய் திறக்கும்போது காற்றை விட்டுவிடும்.

ஒரு பக்கம் குறைவாகக் கேட்கிறதா? ஐஈஎம்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். குறையும் சேர்ந்து மாறினால் பிழை கருவியில். ஐஈஎம் நுனியில் உள்ள சிறு வலையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறை அதே காதில் நின்றால் காதைக் காட்டுங்கள். கொட்டன் பட்ஸால் நீங்களே தோண்டாதீர்கள், குறும்பி இன்னும் உள்ளேதான் போகும். திடீரென்று ஒரு காது மந்தமானால் "தடிமனாக்கும்" என்று விட்டுவிடாமல், அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போய்விடுங்கள். அந்த வைத்தியத்தில் பிந்துகிற ஒவ்வொரு நாளும் நட்டம்.

என்னிடம் வருகிறவர்கள் முதல் நாள் மாலையில் இருந்தே இயர்போனைத் தொடாதீர்கள். வரும்போது நீங்கள் பாவிக்கிற ஐஈஎம்மையும் போனையும் கையோடு கொண்டுவாருங்கள். வழக்கமாகக் கேட்கிற பாட்டை, வழக்கமான வொலியூமில் வைத்துக் காட்டுங்கள். எனக்காகக் குறைத்து வைக்க வேண்டாம்.