சிக்னல்ஸ்: சொல் விளக்கம்

வேலூர் பக்கத்துல இருக்கற கம்மவான்பேட்டை பக்கம் போனா எந்த தெருவுலயும் மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும், அதுல சில பேரு "நான் சிக்னல்ஸ்ல இருந்தேன்"பாங்க. வேலூர் பசங்களுக்கு சிக்னல்னா கிரீன் சர்க்கிள் ஜங்ஷன் ஞாபகம் வரும், இல்லன்னா போன்ல தெரியிற கோடு. நம்ம ராணுவத்துல அது சேதி அனுப்பறதுக்குன்னே இருக்கற தனி படைப்பிரிவு, 1911 பிப்ரவரி 15ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்ன இந்த வேலைய சாப்பர்ஸ்னு சொல்ற ராணுவ இன்ஜினியர் படை தான் பாத்துகினு இருந்தாங்க.

சொல்லோட வேர் லத்தீன்ல "சிக்னும்", அடையாளம்னு அர்த்தம். கொடி, புகை, கண்ணாடி வெளிச்சம்னு கண்ணுக்குத் தெரியிற அடையாளத்த வச்சு சேதி சொன்ன காலத்துப் பேரு, தந்தி வந்து ஒயர்லெஸ் வந்தும் அதே பேரு நின்னுடுச்சு. சேதி போற வேகம் என்ன பண்ணும்னு நம்ம வேலூர் கோட்டைய பாத்தாலே தெரியும்: 1806 ஜூலை 10 விடியறதுக்குள்ள சிப்பாய்ங்க வெள்ளைக்காரனுக்கு எதிரா எழுந்து கோட்டைய பிடிச்சிட்டாங்க, ஆனா வெளிய தங்கியிருந்த ஒரு மேஜர் மூலமா சேதி ஆற்காட்டுக்குப் போயிடுச்சு, அங்க இருந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட காலைலயே வந்து இறங்கிட்டான், அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிபோச்சு.

பின்னால முப்படைக்கும் சேத்து தனி ஆப்டிகல் ஃபைபர், அதாவது வெளிச்சத்துல சேதி போற கண்ணாடி இழை கேபிள், போடற திட்டம் வந்துச்சு, பேரு "நெட்வொர்க் ஃபார் ஸ்பெக்ட்ரம்", வேலைய பிஎஸ்என்எல் கையில குடுத்தாங்க. பேருலயே விஷயம் இருக்கு, ஸ்பெக்ட்ரம்னா அலைவரிசை: ராணுவம் வச்சிருந்த அலைவரிசைல கொஞ்சத்த செல்போன் சேவைக்கு விட்டுக்கொடுத்துச்சு, அதுக்கு ஈடா இந்த கேபிள். மொதல்ல 13,334 கோடி ஒதுக்கி, 2018ல மேல 11,330 கோடி சேத்தாங்க. கேபிள் பூமிக்கடியில போறதால ஒயர்லெஸ் மாதிரி காத்துல ஒட்டுக்கேக்க முடியாது, அதான் பெரிய லாபம்.

தமிழ்ல என்ன சொல்றது? சமிக்ஞைன்னு பல பேரு எழுதுறாங்க, இலங்கைல சமிக்ஞைப் படையணின்னே பேரு, ஆனா அது வடசொல், நம்ம காதுக்கு கண்ஜாடை கைஜாடை மாதிரி தான் கேக்குது. கம்பியில ஓடுற சிக்னலுக்கு குறிகைன்னு கலைச்சொல் இருக்கு, செய்கை, கொள்கை மாதிரியே குறியிலிருந்து வந்த அழகான சொல், அத தாராளமா புழங்கலாம். படைப்பிரிவுக்கு மட்டும் "தகவல் தொடர்புப் படை"ன்னு சொன்னா தான் அவங்க பாக்கற வேலை புரியும். நெட்வொர்க்குக்கு பிணையம்னு எழுதுறவங்க இருக்காங்க, கோர்ட் வாசல்ல நிக்கறவங்களுக்கு அது ஜாமீன், அதனால வலையமைப்புன்னே எழுதுங்க.