பினாட்டுபோ மலையும் மணல்வாரியும்

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குப் பேரிடர் பயிற்சி எடுக்கும்போது ஒரு கேள்வியோடுதான் ஆரம்பிப்பேன். 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதற்கப்புறம் நிவாரண முகாம்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். எதனால் இருக்கும்? தீக்காயம் என்பார்கள், புகை என்பார்கள், ஒருவராவது விஷவாயு என்பார். சரியான பதில் இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

"மணல்வாரியா மேடம்? நம்ம மணல்வாரியா?"

அதேதான். தட்டம்மை. ஒன்பது மாதம் முடிந்ததும் நாம் ஊசி போடுகிற அதே நோய். அதோடு வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் சேர்ந்துகொண்டன.

பினாட்டுபோ லூசான் தீவில், மணிலாவுக்கு வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் கிடந்த மலை. காடு மூடியிருந்ததால் அது எரிமலை என்றே அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியாது. 1991 ஏப்ரல் 2 அன்று அதன் சரிவில் நீராவி பீறிட்டு வெடித்தது. அந்தச் செய்தியை அரசின் எரிமலை ஆய்வு நிறுவனத்துக்கு நேரில் கொண்டுவந்தவர்கள் ஆய்ட்டா பழங்குடி மக்கள். அவர்களோடு வேலை செய்த ஒரு கன்னியாஸ்திரீ கூட வந்தார். மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். கிழங்கு பயிரிட்டு, வேட்டையாடி, சின்னச் சின்னக் குடியிருப்புகளாகச் சிதறி இருந்தார்கள். அபோ நமல்யாரி என்ற தங்கள் தெய்வம் அந்த மலையில் குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

அதன்பிறகு நடந்தது எரிமலை அறிவியலின் பெரிய வெற்றிகளில் ஒன்று. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகளும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தினரும் சேர்ந்து நில அதிர்வுக் கருவிகளை வைத்து மலையைக் கவனித்தார்கள். ஐந்து படி எச்சரிக்கை முறை ஒன்றை வகுத்தார்கள். ஜூன் 9 அன்று அது ஐந்தாம் படிக்குப் போனது. ஆபத்து வளையம் விரிய விரிய, மக்களைக் கிளப்பிக்கொண்டே இருந்தார்கள். ஜூன் 15 மதியம் மலை முழு பலத்தோடு வெடித்தது. சாம்பல் 35 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. மலை உச்சி 1,745 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 260 மீட்டர் குறைந்துவிட்டது. முன்கூட்டியே வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர் பிழைத்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கென்று பார்த்து யுன்யா என்ற புயலும் அதே பகுதியைக் கடந்தது. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை. அது பொடியான பாறையும் கண்ணாடியும். மழை அதன்மேல் விழுந்தபோது ஈர சிமெண்ட் மாதிரி கனத்தது. வெடிப்பின்போது இறந்தவர்கள் 350-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தலைமேல் கூரை இடிந்து இறந்தவர்கள்.

இவ்வளவும் செய்தியாக வந்தது. என் மனசில் நிற்பது இதற்கடுத்த மாதங்கள். மலையிலிருந்து இறங்கிய ஆய்ட்டா மக்களைக் கூடாரத்திலும் பள்ளிக்கூடத்திலும் நெருக்கி வைத்தார்கள். சில குடும்பங்கள் ஆபத்து வளையம் விரிந்தபோதெல்லாம் முகாம் மாறின. அதுவரை தனித்தனியாக வாழ்ந்தவர்கள், தடுப்பூசி அதிகம் எட்டாதவர்கள், பிள்ளைகளுக்குச் சத்தும் குறைவு. தட்டம்மைக் கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்? நோய் வந்த பிள்ளை இருந்துவிட்டுப் போன அறையில்கூட இரண்டு மணி நேரம் வரை அது காற்றில் தங்கியிருக்கும். ஊசி போடாத கூட்டத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். முகாம்களில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆய்ட்டா மக்கள்தான். மலை விழித்துவிட்டது என்று முதலில் வந்து சொன்ன சனம்.

ஒரு மருத்துவராக நான் அடிக்கடி யோசிப்பது இது. தட்டம்மையின் முதல் மூன்று நான்கு நாளில் தடிப்பு வராது. காய்ச்சல், இருமல், மூக்கில் நீர், சிவந்த கண், அவ்வளவுதான். சாம்பல் விழும் ஊரில் எல்லாருக்கும்தான் கண் சிவந்திருக்கும், எல்லாரும்தான் இருமுவார்கள். ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடும். அங்கே வரிசையில் வந்த குழந்தைகளைப் பார்த்த மருத்துவர், "தூசிதான், கண்ணைக் கழுவு" என்று அனுப்பியிருந்தால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் அதையேதான் செய்திருப்பேன்.

செய்தும் இருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். முதல் இரண்டு நாளும் நாங்கள் ஓடி ஓடிப் பார்த்தது தண்ணீரும் வயிற்றுப்போக்கும்தான். குளோரின் போட்டோம், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்தோம். எந்தப் பிள்ளைக்கு ஊசி பாக்கி என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் தவறு. மூன்றாம் நாள் காலை, மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஆயா இரண்டு வயதுப் பேரனைத் துண்டால் போர்த்தி மடியில் வைத்திருந்தார். தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து. முதல் நாள் அவனை இருமலுக்கு நானே பார்த்து, மருந்து கொடுத்து அனுப்பியிருந்தேன்.

"ஆத்தா இறங்கியிருக்கா டாக்டரம்மா. ஊசி கீசி போட்றாதீங்க."

டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தேன். சிவந்த கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, பொடி உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். காதுக்குப் பின்னால் தடிப்பு அப்போதுதான் கிளம்பியிருந்தது.

நான் வாதாடவில்லை. "வேப்பிலை இருக்கட்டும் ஆயா. இவனுக்கு ஊசி வேணாம், இந்தச் சொட்டு மட்டும் குடிக்கட்டும். கஞ்சியை நிறுத்தாதீங்க, பாலும் குடுங்க" என்றேன். சொட்டு என்றது வைட்டமின் ஏ. இன்று ஒரு வேளை, நாளை ஒரு வேளை. தட்டம்மை உடம்பிலிருக்கும் வைட்டமின் ஏ-யை உறிஞ்சிவிடும். சத்தில்லாத பிள்ளைக்குக் கண் போவதும் உயிர் போவதும் அதனால்தான். இரண்டு வேளை மருந்து அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். அம்மை கண்ட பிள்ளைக்குப் பத்தியம் என்று சோற்றைக் குறைப்பதுதான் நம் ஊரில் நான் பார்க்கும் பெரிய கெடுதல்.

பேரனை அவன் அம்மாவோடு மாடியில் தனி அறைக்கு மாற்றினோம். மதியத்துக்குள் குளிர்ப்பெட்டியோடு நர்சம்மா வந்துவிட்டார். நோய்க்காரரோடு இருந்தவர்களுக்கும் 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பலன் உண்டு என்பதால் எங்களுக்கு அவசரம். ஆனால் வரிசையில் யாரும் நிற்கவில்லை. ஆத்தா வந்த இடத்தில் ஊசியா என்று பெண்கள் தயங்கினார்கள். அப்புறம் அந்த ஆயாவே எழுந்து வந்தார். "என் பேரனுக்கு முன்னாடியே போட்டிருந்தா ஆத்தா இவ்வளவு உக்கிரமா வந்திருக்க மாட்டா" என்று சொல்லி, தன் தெருப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நான் மைக்கில் சொல்லியிருந்தால் ஒருத்தியும் வந்திருக்கமாட்டாள். ஆய்ட்டா முகாம்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆயா ஞாபகத்துக்கு வருவார். வேறு மொழி பேசுகிற, சமவெளியிலிருந்து வந்த மருத்துவர்களை நம்ப அந்த மக்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்திலும் தட்டம்மை பரவியது. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தவணை போட்டிருந்தும் பரவியது. ஒரு தவணை போதாது என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்த சாட்சி. இப்போது ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் எம்.ஆர். ஊசி இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பினாட்டுபோவில் முகாம் வாழ்க்கை சீக்கிரம் முடிந்துவிடவும் இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலைமேல் குவிந்திருந்த சாம்பல் சேற்று வெள்ளமாக இறங்கியது. 1995 அக்டோபரில் பகோலோர் ஊர் புதைந்தது. அங்கிருக்கும் புனித கில்லர்மோ தேவாலயம் பாதி உயரம் மண்ணுக்குள் போய்விட்டது. பழைய ஜன்னல்கள்தான் இன்றைக்கு அதன் வாசல்கள். வெடித்து நான்கு வருஷம் கழித்தும் புதிதாக முகாமுக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஆகவே ஊசி ஒரு தடவை போட்டு முடிக்கும் வேலை இல்லை. முகாமுக்கு ஆள் வந்துகொண்டிருக்கும்வரை வாசலிலேயே போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

புயலோ வெள்ளமோ, கிளம்பச் சொன்னால் ஆதார், ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் நெகிழிக் கவரில் போட்டு வையுங்கள். முகாமில் ஆறு மாதக் குழந்தைக்கே ஊசி போடச் சொல்லலாம், பயப்பட வேண்டாம். அது கணக்கில் சேராது, ஒன்பது மாதம் முடிந்ததும் மறுபடி போட வேண்டும். காய்ச்சலும் சிவந்த கண்ணும் சேர்ந்து வந்தால் தடிப்புக்குக் காத்திராமல் முகாம் நர்சிடம் காட்டுங்கள். அட்டை வெள்ளத்தில் போய்விட்டதா, போட்டோமா இல்லையா என்று ஞாபகமில்லையா? மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு இன்னொரு தடவை போடுவதால் ஒரு கெடுதலும் இல்லை.