ஆங்கில வணிகச் சொற்களுக்குள் இயங்கும் விசை

இறக்குமதி வரி என்பது சுங்கத் துறை ஆவணத்தில் எழுதப்படும் ஒரு தொகை. அதற்கு உயரமும் இல்லை, கனமும் இல்லை. ஆனால் ஆங்கிலம் அதை 'பேரியர்', அதாவது குறுக்கே நிற்கும் தடுப்பு, என்றே பேசுகிறது. இதை வெறும் சொல் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாக்கிய அமைப்புக்குள்ளேயே விசை பற்றிய ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

அக்கணக்கை வகுத்துக் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி. 1988-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் இதை 'விசை இயக்கவியல்' என்ற பெயரில் விளக்கினார். அதன்படி ஒரு பொருளுக்கு நகரவோ நிலைத்து நிற்கவோ இயல்பான நாட்டம் உண்டு. இன்னொரு பொருள் அதை எதிர்க்கிறது. இரண்டில் வலியது எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது. 'வரி இருந்தும் ஏற்றுமதி வளர்ந்துகொண்டே இருந்தது' என்பதை ஆங்கிலத்தில் 'டெஸ்பைட்' (இருந்தும்), 'கெப்ட்' (விடாமல் தொடர்ந்தது) என்ற சொற்களைக் கொண்டு எழுதினால், ஏற்றுமதி தானாகவே முன்னேறத் துடிப்பதாகவும் வரி அதனிடம் தோற்றதாகவும் பொருள் அமைந்துவிடுகிறது. 'லெட்', அதாவது 'விடு', என்ற சிறு சொல்லோ, தடுப்பை விலக்கினாலே போதும், சரக்கு தானே உள்ளே வந்துவிடும் என்று சொல்லாமல் சொல்கிறது.

இயல்பான நாட்டத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இறக்குமதி வெள்ளம்' என்றும் 'புரொடெக்‌ஷன்', அதாவது பாதுகாப்பு, என்றும் எழுதும்போது, நிலைத்து நிற்க விரும்பும் பொருளாக உள்நாட்டுத் தொழில் மாறுகிறது, வெளிச்சரக்கு அதைச் சாய்க்க வரும் விசையாகிறது. வரி விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை; ஆனால் தடையாக இருந்தது கவசமாகிவிட்டது. வணிகச் செய்தியைப் படிப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இடமாற்றத்தைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் நெடுங்காலமாக இருப்பது. 1752-இல் ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், பிரிட்டனில் உள்ள பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே இரவில் மறைந்துபோனால் என்ன ஆகும் என்று கேட்டார். கூலியும் விலையும் இறங்கும். மலிவான பிரிட்டிஷ் சரக்கை மற்ற நாடுகள் வாங்கும். போன பணம் திரும்பி வந்துவிடும். ஒன்றோடொன்று இணைந்த கலங்களில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதைத்தான் அவர் இதற்கு உவமையாகச் சொன்னார். 1776-இல் பொருளியல் முன்னோடி ஆடம் ஸ்மித், சரக்குகளின் விலைகள் இயல்பு விலையை நோக்கி ஈர்க்கப்படுவதாக எழுதினார். நியூட்டனின் வானியலை அவர் போற்றியவர் என்பதால் அச்சொல் தற்செயலாக வந்திருக்காது.

உவமையாக மட்டும் நின்ற இந்த ஈர்ப்பைச் சமன்பாடாக்கிப் புகழ்பெறச் செய்தவர் டச்சு அறிஞர் யான் டின்பெர்கன். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் பால் ஏரன்ஃபெஸ்ட்டிடம் பயின்று, 1929-இல் இயற்பியலுக்கும் பொருளியலுக்கும் பொதுவான ஒரு கணக்கு வகையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதியவர் அவர். இரு நாடுகள் செய்யும் வணிகத்தின் அளவைக் கணக்கிட 1962-இல் வெளியிட்ட சமன்பாட்டில், நியூட்டனின் ஈர்ப்பு விதியில் வரும் நிறையின் இடத்தில் நாட்டின் பொருளாதார அளவையும் தொலைவின் இடத்தில் இரு நாடுகளுக்கு இடையிலான தூரத்தையும் வைத்தார். நியூட்டனின் விதியில் தூரம் இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். வணிகத்திலோ அது ஏறத்தாழப் பாதியாகத்தான் குறைகிறது. சொல் இரவல் வாங்கப்பட்டது என்றாலும் எண்ணைத் தரவுகளிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

அளந்து பார்க்க முடிந்ததால் பிழையையும் பிடிக்க முடிந்தது. 1995-இல் கனடியப் பொருளியலாளர் ஜான் மெக்கல்லம், பொருளாதார அளவின் விளைவையும் தூரத்தின் விளைவையும் கழித்துப் பார்த்தபின், கனடிய மாகாணங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைவிடத் தங்களுக்குள் 22 மடங்கு அதிகமாக வணிகம் செய்வதாகக் கணக்கிட்டார். ஓர் எல்லைக் கோட்டுக்கு இவ்வளவு வலிமையா என்று பொருளியலாளர்கள் திகைத்தார்கள். 2003-இல் பொருளியலாளர்கள் ஜேம்ஸ் ஆண்டர்சனும் எரிக் வான் வின்கூப்பும் அந்தக் கணக்கில் விடுபட்டதைக் கண்டுபிடித்தார்கள்: இரு இடங்களுக்கு இடையிலான தடையை மட்டும் பார்த்தால் போதாது, அவை ஒவ்வொன்றும் மற்ற எல்லா இடங்களோடும் சந்திக்கும் தடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடா சிறிய பொருளாதாரம் என்பதால், எல்லையில் தடைபட்ட சரக்கு மாகாணங்களுக்குள்ளேயே சுழன்று அந்த 22-ஐப் பெரிதாகக் காட்டியது. சரிசெய்த கணக்கில், தொழில்வள நாடுகளுக்கு இடையிலான வணிகத்தை எல்லைகள் 20 முதல் 50 விழுக்காடு வரைதான் குறைத்திருந்தன. விடுபட்ட அந்த உறுப்புக்கு அவர்கள் இட்ட பெயரிலும் இயற்பியலிலிருந்து வந்த ஒரு சொல் இருந்தது: 'ரெசிஸ்டன்ஸ்', தடை.