பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: சர்வர் பூட் ஆக ஏன் இரண்டு நிமிடம்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை அலுவலகம். பில்லிங் மென்பொருள் அங்கே ஒரு உபுண்டு (லினக்ஸ்) சர்வரில் ஓடுகிறது. ராத்திரி கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால், காலையில் அதை ஆன் செய்வது கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவரின் வேலை. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். "தம்பி, சர்வர் எந்திரிக்கவே மாட்டேங்குது, நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்." நாலு தடவை என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாதி பூட்டில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவது மாதிரி.

வாட்ஸ்அப்பில் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். கறுப்புத் திரை, இடமும் வலமுமாக ஓடுகிற சிவப்பு நட்சத்திரங்கள், பக்கத்தில் 'ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங் ஃபார் வெயிட் ஃபார் நெட்வொர்க் டு பி கான்ஃபிகர்ட்'. கடைசியில் 1 நிமிடம் 12 விநாடி, ஒரு சாய்கோடு, 'நோ லிமிட்'. அந்த 'நோ லிமிட்'தான் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. முடிவே இல்லை என்று மெஷினே சொல்லும்போது பட்டனை அழுத்தாமல் வேறு என்ன செய்வார்?

உண்மையில் லிமிட் உண்டு. பூட்டில் எல்லாவற்றையும் கிளப்பிவிடும் நிரலின் பெயர் சிஸ்டம்டி, அது கிளப்பும் ஒவ்வொன்றும் ஒரு 'யூனிட்'. அந்தச் செய்தி வருவது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் என்ற சர்வீஸுக்காக, நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருப்பதுதான் அதன் வேலை. ஒரே முறை ஓடி முடிகிற, 'ஒன்ஷாட்' வகை யூனிட் என்பதால் சிஸ்டம்டி தன் பக்கத்திலிருந்து கெடு வைப்பதில்லை. ஆனால் அந்த நிரலே 120 விநாடி பார்த்துவிட்டு, தோற்றேன் என்று சொல்லி வெளியேறிவிடும். அப்புறம் மற்றதெல்லாம் வழக்கம்போலக் கிளம்பும். அண்ணன் இன்னும் 48 விநாடி பொறுத்திருந்தால் போதும். பொறுக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும்தான்.

சரி, உள்ளே போய்ப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் அடிக்கிற கமாண்ட் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்'. எந்த யூனிட் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டியல் போடும். அதற்கு 'பழி' என்று பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, ஏனென்றால் முதல் வரியில் இருப்பவன்தான் குற்றவாளி என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பூட்டில் சர்வீஸ்கள் வரிசையாக ஓடுவதில்லை, ஒரே நேரத்தில் பல ஓடுகின்றன. பத்து விநாடி எடுத்த ஒன்று யாரையும் தடுக்காமல் ஓரமாக ஓடியிருக்கலாம். டெஸ்க்டாப்பில் 'பிளைமவுத்-குவிட்-வெயிட்' மேலே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பூட் திரை விலகும்வரை சும்மா காத்திருப்பது, அவ்வளவுதான். 'சிம்பிள்' வகை சர்வீஸ்களோ, உள்ளே எவ்வளவு திணறினாலும், தொடங்கிய உடனே தொடங்கியாயிற்று என்று சிஸ்டம்டி கணக்கில் எழுதிவிடுவதால், பட்டியலுக்கே வராது.

அதனால் நான் நேரத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, எண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். நிஜமாக வேலை செய்கிற எதுவும் அச்சாக 2 நிமிடம் 0.1 விநாடியில் முடியாது. 90 விநாடி, 120 விநாடி என்று முழு எண்ணாக வந்தால், வராத எதற்காகவோ யாரோ வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 90 என்பது சிஸ்டம்டி வழக்கமாக வைக்கும் கெடு. ஸ்வாப் பார்ட்டிஷனை (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) மறுபடி மேக்ஸ்வாப் செய்து, அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிப்போய், பூட்டில் எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணே கிடந்தால் ஒவ்வொரு பூட்டிலும் இந்த ஒன்றரை நிமிடம் போகும். நாமே எழுதிய சர்வீஸில் 'டைப்' என்ற இடத்தில் 'நோட்டிஃபை' என்று போட்டுவிட்டு, தயார் என்று தகவல் அனுப்பும் வரியைக் கோடில் எழுத மறந்தாலும் இதே 90தான், கூடவே ஃபெயிலும் ஆகும்.

இங்கே இருந்தது 2 நிமிடம். நெட்வொர்க் இணைப்புகளின் நிலையைக் காட்டும் 'நெட்வொர்க்சிடிஎல்' அடித்ததும் விஷயம் வெளியே வந்தது. முதல் போர்ட் 'ரவுட்டபிள்', இரண்டாவது போர்ட் 'நோ-கேரியர், கான்ஃபிகரிங்'. அதாவது சர்வருக்குப் பின்னால் இரண்டு லேன் போர்ட், ஒன்றில்தான் கேபிள். இன்ஸ்டால் செய்தபோது இரண்டுக்குமே டிஹெச்சிபி, அதாவது ஐபி முகவரியைத் தானாக வாங்கிக்கொள் என்று நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) பதிவாகிவிட்டது. தன் பொறுப்பில் இருக்கிற எல்லா இணைப்பும் தயாராகவேண்டும் என்பதுதான் வெயிட்-ஆன்லைனின் வழக்கம். கேபிளே இல்லாத போர்ட் எப்படித் தயாராகும்?

அப்புறம் அடுத்த கேள்வி, யாருக்காக இது காத்திருக்கிறது? 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டிபென்டென்சீஸ் --ரிவர்ஸ் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' அடித்தால் தெரியும். டாக்கர், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிற கருவி. பில்லிங் அதற்குள்தான் ஓடுகிறது. யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று காட்டும் 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்' அடித்தாலும் டாக்கர் இரண்டு நிமிடம் கழித்துத்தான் கிளம்பியிருந்தது. கிளம்பிய பிறகு அது எடுத்தது வெறும் மூன்று விநாடி. டாக்கர் யூனிட்டில் நெட்வொர்க்குக்கு 'வான்ட்ஸ்' (இருந்தால் நல்லது) என்றுதான் இருக்கிறது, 'ரிக்வயர்ஸ்' (இல்லாமல் முடியாது) இல்லை, அதனால் வெயிட்-ஆன்லைன் தோற்றாலும் டாக்கர் கிளம்பிவிடுகிறது. தினமும் எப்படியோ ஓடிவிடுகிற கோளாறை யார் தேடப்போகிறார்கள்?

இணையத்தில் தேடினால் வெயிட்-ஆன்லைனை டிசேபிள் செய், இல்லை மாஸ்க் செய் (எதுவும் கிளப்ப முடியாதபடி மூடிவை) என்று ஒரு வரியில் வைத்தியம் கிடைக்கும். பூட் வேகமாகும், பொய் இல்லை. ஆனால் வேறோர் இடத்தில் இப்படி மாஸ்க் செய்து வைத்திருந்ததன் விளைவை நான் பார்த்திருக்கிறேன். நெட்வொர்க் வருவதற்கு முன்பே என்எஃப்எஸ் மவுன்ட் (வேறு மெஷினின் டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் இணைப்பது) முயற்சி செய்து தோற்றுப்போக, பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றும் தெரியாமல் அந்தக் காலி ஃபோல்டருக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தது. மூன்று வாரம். டிஸ்க் நிறைந்து மெயில் வந்த பிறகுதான் பேக்கப் முழுவதும் அதே மெஷினிலேயே கிடந்தது தெரிந்தது.

இங்கே நான் செய்தது நெட்பிளான் கோப்பில் இரண்டாவது போர்ட்டின் கீழே 'ஆப்ஷனல்: ட்ரூ' என்று ஒரு வரி. முதல் போர்ட்டுக்காக இப்போதும் காத்திருக்கும், கேபிள் இல்லாததற்காக நிற்காது. 'நெட்பிளான் அப்ளை' கொடுத்து, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒருமுறை ரீபூட் செய்து கண்ணால் பார்த்தேன், லாகின் வர அரை நிமிடம்கூட ஆகவில்லை. சொடுக்கி அணைத்த நான்கு தடவையில் டேட்டாபேஸுக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று லாகைப் படிக்கத்தான் மீதி மதியம் போனது.

கிளம்புமுன் அண்ணனிடம் பழைய இன்வாய்ஸ் ஒன்றின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கி, 'நட்சத்திரம் ஓடினால் மூன்று நிமிடம் பொறுக்கவும், பட்டனைத் தொடவேண்டாம்' என்று பெரிதாக எழுதி மானிட்டரில் ஒட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "அதான் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே தம்பி, அப்புறம் எதுக்கு இது?" என்றார். முதல் போர்ட்டின் கேபிளை என்றைக்காவது யாராவது பிடுங்குவார்கள் அண்ணே என்றேன்.