கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்

பார்வையற்ற மாணவர்களுக்கு ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள், கற்றுக்கொடுப்பது என் வேலை. தட்டச்சுப் பயிற்சி அலுத்துப்போகும் கட்டத்தில் அவர்களை, பலர் ஒரே நேரத்தில் இணைந்து ஆடும் ஒரு மட் (MUD) ஆட்டத்துக்குள் இறக்கிவிடுவேன். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த முதல் மட்டிலிருந்து இன்றுவரை அடிப்படை அதேதான்: நிற்கிற இடத்தை ஆட்டம் விவரிக்கும், செய்ய நினைப்பதை நாம் தட்ட வேண்டும்.

ஆரம்பத்தில் அறுபது கட்டளைகளை பிரெய்லில் அச்சிட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். அவரும் தாளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

இப்போது முதல் நாளில் சுற்றிப் பார்க்க 'லுக்', நான்கு திசைகள், பேசுவதற்கு 'சே', அவ்வளவுதான். ஓடித் தப்பிக்கும் 'ஃப்ளீ'யை நான் சொல்வதில்லை. எலி கடித்து உயிர் பாதியாகும்போது அவர்களே கேட்பார்கள்.

ஒரு மாணவர் ஆட்டத்தில் சந்தை வாசலிலிருந்து வடக்கே கடகடவென்று நாலு தட்டு தட்டி, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போனார். என் கை தானாக கீபோர்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், "சார், தீப்பெட்டி கிடைக்குமா?" என்றார். டீக்கடையிலிருந்து காலிப் பெட்டிகளை வாங்கி வந்தோம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெட்டி வைத்து, விரலால் தடவிப் பார்த்தபடியே நடந்தார். வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் வேறு அறை வந்த ஓரிடத்தில், "இது ஏமாத்துது சார்" என்று சிரித்தார். சில ஆட்டங்களில் வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள். நான் வழி சொல்லியிருந்தால் அந்தத் தீப்பெட்டி வந்திருக்காது.

ஆனால் ஆட்டத்தின் அமைப்புகளை, கற்றுக்கொடுக்கிற நீங்களே முன்கூட்டிச் சரிசெய்து வையுங்கள், அதில் புது ஆளைத் தவிக்க விடக்கூடாது. கோடுகளும் கூட்டல் குறிகளுமாக வரைந்த வரைபடத்தை ஸ்க்ரீன் ரீடர் 'டேஷ் டேஷ் ப்ளஸ்' என்று வாசித்தே கொன்றுவிடும். அகேயா ஆட்டத்தில் 'கான்ஃபிக் ஸ்க்ரீன்ரீடர் ஆன்' என்று ஒரு கட்டளை உண்டு, வேறு ஆட்டங்களிலும் இதுபோல இருக்கிறதா என்று உதவிப் பக்கத்தில் தேடுங்கள். சண்டையில் வரிகள் கொட்டும்போது என்விடிஏ (NVDA) என்ற ஸ்க்ரீன் ரீடரின் பேச்சை நிறுத்த கன்ட்ரோல் விசை போதும். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அப்புறம் கடவுச்சொல். பல மட்கள் இன்னும் பழைய டெல்நெட் வழியில்தான் இணைகின்றன. அதில் நீங்கள் தட்டுவது எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகும். மெயிலுக்கோ வங்கிக்கோ வைத்திருப்பதை இங்கே போடவே கூடாது. பாதுகாப்பான இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

'சே'யும் 'டெல்'லும் குழம்புவதும் அடிக்கடி நடக்கும். 'டெல்' ஒருவருக்கு மட்டும் போகும், 'சே' அறையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். என் மாணவி ஒருவர் தோழிக்கென்று நினைத்துத் தன் போன் நம்பரை ஆட்டத்துக்குள் ஆள் நிறைந்த சத்திரத்தில் 'சே' போட்டுவிட்டார். அங்கிருந்த முகம் தெரியாத யாரோ ஒருவர் அவருக்கு மட்டும் 'டெல்' அனுப்பினார்: "இது எங்களுக்கும் கேட்டது, தங்கையே."