சாயம் என்று நினைத்த சிவப்பு

நகரியில் சாய வேலை பார்ப்பவர்களின் நகக்கண்ணைப் பார்த்தாலே அந்த வாரம் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அன்று வந்தவருக்குச் சிவப்பு. வயது 58. "மூணு மாசம் முன்னால மூத்திரம் செகப்பா போச்சு சார். கையில இருந்த சாயம்னு விட்டுட்டேன். தானா நின்னுடுச்சு. இப்ப மறுபடியும்." வலி, எரிச்சல்? "மண்ட்ட எல்லாம் இல்ல சார்." எங்கள் எல்லை ஊரில் இப்படித்தான், எரிச்சல் மட்டும் தெலுங்கில் வரும்.

மண்ட்ட இல்லை என்றதுதான் என்னை உறுத்தியது. எரிச்சலோடு ரத்தம் போனால் பெரும்பாலும் கிருமியோ கல்லோ இருக்கும். வலியில்லாமல் வந்து, தானாக நின்று, மறுபடி வருவது சிறுநீர்ப்பைப் புற்றின் வழக்கம். நின்றுவிட்டதே என்று இளநீரும் வெந்தயமும் குடித்துச் சமாளிப்பதில்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன. சிஸ்டோஸ்கோபியில், அதாவது சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தேன், குளத்துப் பாசி மாதிரி ஒரு கொத்து, தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது.

அவர் பையில் இன்னொரு காகிதம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் மகன் எடுத்துக்கொடுத்த பரிசோதனைத் தொகுப்பு. அதில் இன்டர்லூகின்-6 கொஞ்சம் கூடுதல், யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். "இதாலதான் வந்ததா சார்?"

இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, டிஎன்எஃப் ஆல்ஃபா எல்லாம் உடம்பின் தண்டோராக்காரர்கள். காயமோ கிருமியோ வந்தால் இந்தப் புரதங்கள்தான் வெள்ளணுக்களைக் கூப்பிடும், புது ரத்தக்குழாய் போடச் சொல்லும், செல்களைப் பெருகச் சொல்லும். இதைத்தான் அழற்சி என்கிறோம். வேலை முடிந்ததும் தண்டோரா நிற்க வேண்டும். பீடிப் புகையின் நச்சு சிறுநீரில் இறங்கி வருடக்கணக்கில் பையின் உட்சுவரை அரித்தால் அது நிற்பதே இல்லை. ஏற்கெனவே மரபணு கெட்ட செல் ஒன்று அங்கே இருந்தால், பெருகு என்ற அழைப்பு அதன் காதிலும் விழும். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலும் இதே கதைதான். அங்கே இன்டர்லூகின்-6, ஆண் ஹார்மோனுக்கான ஏற்பியையே தட்டி எழுப்பக்கூடியது.

அதற்காக ரத்தத்தில் அதை அளந்து புற்று கண்டுபிடிக்க முடியாது. முழங்கால் வாதம், ஈறு வீக்கம், போன வாரச் சளி எதற்கும் அது ஏறும். அந்தப் பணத்துக்கு ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை எடுத்திருக்கலாம் என்பேன். இன்டர்லூகின்-6ஐ முடக்கும் மருந்தை முற்றிய புராஸ்டேட் புற்றில் கொடுத்தும் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. அழற்சியைக் குறைத்துப் புற்றைத் தடுக்கும் என்று சமையல் மஞ்சளை மாத்திரையாக்கி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

புராஸ்டேட் புற்றைச் சந்தேகிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் அழற்சி ஏற்றிவிடும். குளிர்காய்ச்சலோடு வந்த ஒரு தறிக்காரருக்கு 14 காட்டியது. வீட்டில் அழுது, வேலூருக்கு வண்டியே பேசிவிட்டார்கள். கிருமிக்கு மருந்து கொடுத்து ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் 3.1. காய்ச்சல் நேரத்தில் அந்தப் பரிசோதனையே வேண்டாம்.

சாயத்துக்கு வருவோம். ஃபுக்சின் என்ற மெஜந்தாச் சிவப்புச் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளை ஜெர்மன் அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் 1895லேயே பதிவு செய்தார். சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கும் பென்சிடின் என்ற வேதிப்பொருளில் செய்த சாயங்களுக்கு இந்தியாவில் 1990களிலேயே தடை வந்துவிட்டது. இவருக்கோ இருபது வயதிலிருந்து வெறுங்கையில் சாயம், கூடவே நாளுக்கு ஒரு கட்டு பீடி. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது; பீடியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

கட்டியைச் சுரண்டி எடுத்தோம். தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் திரும்ப வரும் ரகம். ஆகவே பிசிஜி. ஆம், குழந்தைக்கு இடது தோளில் போடும் அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். 1976ல் கனடாவில் மொராலஸ் வெளியிட்ட முறை: வாரம் ஒன்றாக ஆறு வாரம், குழாய் வழியாக நேராகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். நாமே வேண்டுமென்று உள்ளே அழற்சியைக் கிளப்புகிறோம். டிஎன்எஃப்பும் இன்டர்லூகின்களும் சிறுநீரிலேயே பெருகி வரும். இந்த முறை தண்டோரா புற்றுச் செல்லுக்கு எதிராக.

இரண்டாவது டோஸ் முடிந்த மறுநாள் போன் செய்தார். "சார், இப்பதான் மண்ட்ட! லேசா காய்ச்சலும் இருக்கு." ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும், அதற்கு மேல் நீடித்தாலோ நடுக்கத்தோடு ஏறினாலோ உடனே வரச் சொன்னேன். பீடி? கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாலா குறைச்சிட்டேன் சார்."