கல் தொட்டியின் அடித்தளத்தில் அமர வேண்டும், மண்ணில் அல்ல

நீருக்கடியில் செடிகள் வளரும் கண்ணாடித் தாவரத் தொட்டியை, கல்லும் கட்டையும் வைத்து அமைத்துத் தரும் தொழிலில், 'இத்தனை கிலோ கல்லைக் கண்ணாடி தாங்குமா?' என்று கேட்காத வாடிக்கையாளர் அரிது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் நீர் மட்டுமே ஏறக்குறைய 180 கிலோ இருக்கும்போது, அதற்குள் வைக்கும் 20 கிலோ கல் பெரிய பாரமன்று. ஆனால் நீரின் பாரம் அடிக்கண்ணாடி முழுவதும் சீராகப் பரவுகிறது. கல்லின் பாரமோ அதன் கூரிய முனையொன்றின் கீழ், நகக்கண் அளவு இடத்தில் வந்து குவிகிறது. ஆகவே எடையைவிட, கல் எங்கே, எப்படித் தொடுகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

கருங்கல்லின் அடர்த்தி நீரினுடையதைப்போல் ஏறக்குறைய 2.6 மடங்கு என்பதால், 10 கிலோ கல் நீருக்குள் 6 கிலோ அளவுக்கே அழுத்தும். நீரை வடித்தால் முழு எடையும் திரும்பிவிடும். ஒரு வீட்டில் எட்டு மாதம் அசையாமல் நின்ற கல், சுத்தம் செய்வதற்காகப் பாதி நீரை வடித்ததும் முன்கண்ணாடியின் மீது சாய்ந்தது. நல்லவேளையாகக் கை அருகில் இருந்தது. மண்ணைப் பரப்பிய பிறகு அதன்மேல் கல்லை வைத்திருந்தார்கள். அக்வா சாயில் எனப்படும் சுட்ட மண்ணுருண்டைகள் நாளடைவில் நசுங்குபவை. போதாததற்கு, அடியழுக்கை நீரோடு இழுக்கும் சைபன் குழாய் வாரந்தோறும் கல்லின் காலடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியிருந்தது.

எனவே வெறும் தொட்டியில், மண் போடும் முன்பே கல்லை அமர்த்துகிறேன். அடியில் மெல்லிய ஃபோம் விரிப்போ, சதுரக் கட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் வலைத்தட்டோ இட்டால் முனையின் அழுத்தம் பரவும். கடப்பா கல் துண்டைப் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது சுண்ணாம்புக்கல் வகை என்பதால், மென்னீரை (சுண்ணாம்பு போன்ற உப்புகள் குறைந்த நீரை) விரும்பும் செடிகள் உள்ள தொட்டியில் நான் தவிர்க்கிறேன். உயரம் வேண்டுமானால் மண்ணைக் குவிப்பதைவிட, எரிமலைக்கல் துண்டுகளை வலைப்பையில் கட்டி அடியில் அடுக்குவது உறுதியானது.

கல்லோடு கல்லை இணைக்கும்போது, உலர்ந்த இடைவெளியில் பஞ்சைத் திணித்து சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது உடனே இறுகிவிடும். ஆனால் பஞ்சும் அந்தப் பசையும் சேரும்போது சுடுமளவு வெப்பமும் கண்ணெரியும் புகையும் எழும். வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும். சிலிக்கானை விரும்புவோர், பூஞ்சைக்கொல்லி கலக்காத வகையைத் தேர்ந்து, நன்கு காயும்வரை நீர் விடாமல் பொறுத்திருக்க வேண்டும்.

கட்டையின் சிக்கல் நேர்மாறானது. காய்ந்த கட்டை மிதக்கும். அதைக் கல்லின் கீழ் செருகினால், மேலெழும் விசை கல்லையும் சேர்த்துக் கிளப்பிவிடும். வாரக்கணக்கில் ஊறவைத்தும் மூழ்காத கட்டையை, ஸ்லேட் கல் பலகையில் துருப்பிடிக்காத எஃகுத் திருகால் முடுக்கி, பலகையை மண்ணால் மூடுகிறேன். இரு கண்ணாடிச் சுவர்களுக்கிடையே கட்டையை இறுக்கி நிறுத்துவது வேண்டவே வேண்டாம்: நீரில் ஊறிய மரம் உப்பிப் பெருக்கும், ஆகவே இருபுறமும் ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது விடுங்கள்.